பதினொரு பேர், மூன்று நாள், மைசூர்

சுற்றுலா போய்விட்டு வந்தவர்களிடம், "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அரண்மனை பார்த்தோம், மலைக்குப் போனோம், பட்டுப் புடவை எடுத்தோம் என்று பட்டியல் வரும். யார் யாரோடு பேசாமல் வந்தார்கள், யார் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள், எந்த ஸ்டேஷனில் எல்லோரும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்து போனது, இதெல்லாம் அந்தப் பட்டியலில் வராது. ஆனால் ஒரு வருஷம் கழித்தும் மனசில் நிற்பது இவைதான். அதனால், சகோதரிகளே, நான் மைசூரையும் சொல்கிறேன், எங்களையும் சொல்கிறேன்.

எங்கள் தெரு ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் எங்கள் தெருப் பெண்கள் பதினொரு பேர் கிளம்பினோம். மிகச் சிறியவள் பாங்கில் வேலை பார்க்கும் பெண், வயது 38. மிகப் பெரியவர் எதிர்வீட்டு மாமி, வயது 67. நடுவில் ரிடையரான நர்ஸ் அக்கா, கணக்கு டீச்சர், தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா, இட்லிக் கடை அக்கா, ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இரண்டு பேர், கல்யாணமான நாளிலிருந்து புருஷன் துணையில்லாமல் ரயில் ஏறாத கோடிவீட்டுச் சித்தி, 2022-ல் கணவரை இழந்த மாடிவீட்டு அக்கா. கணக்கு நோட்டும் பணப்பையும் என் கையில். தலைக்கு 4,500 ரூபாய். புடவை, பொம்மை எல்லாம் அவரவர் செலவு.

கிளம்புவதற்கு முன் நாலு தடவை கூடிப் பேசினோம். சாப்பாட்டுக்கு யார் என்ன எடுத்து வருவது? "எதுவானாலும் சரி." முதலில் எங்கே போகலாம்? "எனக்கு எதுவானாலும் சரி." ரூமில் யார் யாரோடு? "எங்கே போட்டாலும் சரிப்பா, ராத்திரி தலை சாய்க்கத்தானே!"

இதைவிட ஒற்றுமையான கூட்டம் உண்டா என்று நினைத்தோம். ரயிலில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. பதினொரு பொட்டலத்தில் ஏழு புளியோதரை! கரூர் தாண்டுகிற வரைக்கும் சிரித்தோம். சித்தி மட்டும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வீட்டுக்குப் போன் போட்டு, பால் உறை ஊற்றியாச்சா, காஸை அணைச்சாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். "சித்தி, சித்தப்பா தூங்கட்டும், பாவம்" என்று பாங்குப் பெண் சொன்னதும் மறுபடி ஒரு சிரிப்பு.

சனிக்கிழமை: ஏறினதும் இறங்கினதும்

விடிந்தபோது ஜன்னல் காற்றே வேறாக இருந்தது. மைசூர் கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர். பிப்ரவரிக் காலையில் ஒரு சால்வை வேண்டித்தான் இருக்கிறது. லாட்ஜில் குளித்துவிட்டு, பேசி வைத்திருந்த வேனில் சாமுண்டி மலைக்குப் போனோம்.

மலை உச்சியில் சாமுண்டீஸ்வரி கோயில். வாசலுக்கு அருகே கையில் வாளும் பாம்புமாக வண்ண வண்ணமாக நிற்கும் மகிஷாசுரன் சிலை. மகிஷனின் ஊர் என்பதுதான் மைசூர் ஆயிற்று என்பார்கள். தரிசனம் நன்றாகவே ஆனது. மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுக்க விரித்துப் போட்ட கோலம் மாதிரி தெரிகிறது. அடிவாரத்திலிருந்து ஏறுவதற்கு ஆயிரம் படிகள் உண்டு. உச்சியிலிருந்து முன்னூறு படிபோல இறங்கினால், தொட்ட தேவராஜ உடையார் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி. வேனிலும் போகலாம். டீச்சர் அந்தப் படி வழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "என்ன டீச்சர்?" என்றேன். "ஒண்ணுமில்லே, வாங்க" என்று வேனில் ஏறிக்கொண்டார். அதற்கப்புறம் மத்தியானம் வரை அவர் வாய் திறக்கவில்லை.

அடுத்தது பட்டுக்கடை. மைசூர்ப் பட்டுக்குப் பெரிய சரித்திரம் உண்டு. அரண்மனைக்கு வேண்டிய பட்டை நெய்வதற்காக 1912-ல் இந்த ஊரில் தொடங்கிய ஆலை, பிற்பாடு அரசாங்க நிறுவனமாகி இன்றும் நடக்கிறது. உடம்பில் வழுக்கிக்கொண்டு நிற்கும் கிரேப் பட்டு, அதில் சரிகைக் கரை. விலையைக் கேட்டால் நம் உடம்பு வழுக்கும், அது வேறு விஷயம். நாங்கள் போன கடையில் எடுத்தது இரண்டே பேர். காத்திருந்தது ஒன்பது பேர். ஒன்றரை மணிக்குச் சாப்பிட வேண்டியவர்கள், இரண்டரைக்கும் நாற்காலியில்தான் இருந்தோம். "பசிக்குது, போகலாமா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவங்க ஆசையா எடுக்கறாங்க, கெடுப்பானேன்!

அப்போது தையல் அக்கா எழுந்து, "ரெண்டு பேர் புடவைக்கு நாங்க ஏன் காவல் காக்கணும்? எங்களுக்கெல்லாம் வேற வேலை கிடையாதா?" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டார். பத்து வருஷமாகத் தெருவில் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. புடவை எடுத்தவர்கள் முகம் சுருங்கிவிட்டது. நர்ஸ் அக்கா மட்டும் கோபத்தைக் கவனிக்கவில்லை, கையைக் கவனித்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"காலையில சர்க்கரை மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"அப்புறம் என்ன சாப்பிட்டே?"

"மலையில கூட்டம்... ஒரு காபிதான்."

பாங்குப் பெண் பதறிப்போய், வாங்கி வைத்திருந்த மைசூர் பாகை நீட்டினாள். "அது வேண்டாம், அதுல நெய் இருக்கு, சர்க்கரை மெதுவாத்தான் ரத்தத்துல ஏறும். மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொண்டா" என்றார் நர்ஸ் அக்கா. பக்கத்து டீக்கடையில் சர்க்கரை கிடைத்தது. கால் மணி நேரத்தில் வேர்வை அடங்கி, தையல் அக்காவின் பழைய குரல் திரும்பி வந்தது. "நான் அப்படியா கத்தினேன்?" என்று அவர் கேட்டபோது, புடவை எடுத்த இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் வேளை தவறினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். அப்போது நடுக்கம், வேர்வை மட்டுமல்ல, காரணமில்லாத எரிச்சலும் வரும். அது குணம் அல்ல, உடம்பு.

பூக்கடையில்

சாயங்காலம் தேவராஜ மார்க்கெட். கோபுரம் கோபுரமாகக் குவித்த குங்குமம், கலர் பொடிகள், நஞ்சன்கூடு ரஸபாளை வாழைப்பழம், கட்டுக் கட்டாக மைசூர் வெற்றிலை. பூக்கடைப் பக்கம் திரும்பினால் மல்லிகை வாசனை ஆளைத் தூக்குகிறது. மைசூர் மல்லிகை என்று அதற்குத் தனிப் பெயரே உண்டல்லவா! மூத்த ஓரகத்தி மொத்தமாக வாங்கி, ஒரு முழம் ஒரு முழமாகக் கிள்ளி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தாள். மாடிவீட்டு அக்கா முன்னால் வந்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் அடுத்தவரிடம் போய்விட்டது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாடிவீட்டு அக்காவும் சொல்லவில்லை. வெற்றிலைக் கடையில் விலை கேட்கிறவர் மாதிரி முன்னால் நடந்து போனார். எங்கள் பத்துப் பேர் தலையிலும் பூ கனத்தது.

அன்று ராத்திரி லாட்ஜில் ஒவ்வொரு அறையிலும் ஒரு முகம் தூக்கி வைத்திருந்தது. ஓரகத்திகள் இருவருக்கும் மாமியார் நகை பிரித்த நாளிலிருந்து பேச்சு இல்லை. 'எங்கே போட்டாலும் சரி' என்றதால் ஒரே அறையில் விழுந்துவிட்டார்கள். ஒருத்திக்கு மின்விசிறி வேண்டும், இன்னொருத்திக்குக் குளிர். விசிறியைப் போடுவதும் அணைப்பதுமாக, வார்த்தையே இல்லாமல் ஒரு யுத்தம். சித்தி, "ஊருக்கே போயிடலாம் போலிருக்கு" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தது வராந்தா வரை கேட்டது.

டீச்சர்தான் எல்லோரையும் எங்கள் அறைக்குக் கூப்பிட்டார். வகுப்பில் நிற்பது போல நின்று, "காலையிலேருந்து நான் கோபமா இருக்கேன். காரணம் சொல்றேன். எனக்கு மலைப்படியில நடக்கணும்னு ஆசை. பத்து பேரைக் காக்க வைக்கக் கூடாதுன்னு சொல்லலை. சொல்லாம இருந்துட்டு உங்க மேலேயே கோபப்பட்டேன். இது என்ன நியாயம்? இப்ப ஒவ்வொருத்தரும் ஒரு ஆசை சொல்லணும். 'எதுவானாலும் சரி'ன்னா அபராதம் பத்து ரூபா" என்றார்.

முதலில் சிரிப்பு. அப்புறம் மௌனம். எனக்கு இது வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லிப் பழக்கம்? வீட்டில் பிள்ளைக்குப் பிடித்தது தெரியும், அவருக்குப் பிடித்தது தெரியும். நமக்குப் பிடித்ததை யாராவது கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இட்லிக் கடை அக்காதான் ஆரம்பித்தார். "இருபது வருஷமா மூணரை மணிக்கு எந்திரிக்கறேன். நாளைக்கு ஒன்பது மணி வரைக்கும் என்னை எழுப்பாதீங்க." நர்ஸ் அக்காவுக்கு ஒட்டகச்சிவிங்கி பார்க்க வேண்டும். பாங்குப் பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் தனியாகச் சுற்ற வேண்டும். இளைய ஓரகத்தி, "எனக்கு வேற ரூம் வேணும்" என்று நேராகச் சொன்னாள். மூத்தவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தால், பெரிய நிம்மதி! சித்தி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஒரு நாள் முழுக்க வீட்டுக்குப் போன் பண்ணாம இருந்து பாக்கணும்" என்றார்.

மாடிவீட்டு அக்காவின் முறை வந்தது. "எனக்கு ஒண்ணும்..." என்று தொடங்கி நிறுத்தினார். "பூ குடுக்கும்போது என்னைத் தாண்டிப் போகாதீங்க. வெச்சுக்கறேனா, சாமி படத்துக்குப் போடறேனா, அதை நான் பாத்துக்கறேன். நீங்களா முடிவு பண்ணாதீங்க."

மூத்த ஓரகத்தி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் எல்லோர் பார்வையும் எதிர்வீட்டு மாமி பக்கம்தான் போனது. ஆசாரத்தில் ஒரு இம்மி பிசகாதவர். மாமி ஒன்றும் பேசாமல் எழுந்து தம் அறைக்குப் போய்விட்டார். சந்தோஷமும் சங்கடமும் பாதிப் பாதியாகத்தான் அன்று தூங்கினோம்.

ஞாயிறு: ராணியின் கதை

மறுநாள் பதினொரு பேரும் ஒன்றாகப் போகவில்லை. அதுவே பெரிய மருந்தாக வேலை செய்தது. டீச்சரும் மூன்று பேரும் விடியற்காலையில் போய் மலைப்படி ஏறினார்கள். நர்ஸ் அக்கா கோஷ்டி மிருகக்காட்சிசாலைக்குப் போனது. அது 1892-லேயே தொடங்கியது, சாமராஜேந்திர உடையார் பெயரில் இருக்கிறது. இட்லிக் கடை அக்கா ஒன்பதே காலுக்கு எழுந்து, ஹோட்டலில் உட்கார்ந்து, உள்ளே சிவப்புச் சட்னி தடவிய மசால் தோசையைச் சாப்பிட்டார். "அடுத்தவங்க சுட்ட தோசை! இதைவிட ருசி உலகத்துல உண்டா?" என்றாராம்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் கூடி, நேரத்தோடு சாப்பிட்டுவிட்டு, அரண்மனைக்குப் போனோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நடந்தால் கண் கொள்ளவில்லை. கல்யாண மண்டபத்தின் கூரையில் மயில் வடிவங்களோடு வண்ணக் கண்ணாடி. சுவரெல்லாம் தசரா ஊர்வல ஓவியங்கள். தசராவில் யானை சுமக்கும் தங்க அம்பாரி 750 கிலோ என்கிறார்கள். பாவம் யானை!

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் தமிழிலேயே கதை சொன்னார். இங்கே முன்பு இருந்த மர அரண்மனை, 1897-ல் அரச குடும்பத்துக் கல்யாணம் ஒன்றின்போது தீப்பிடித்து எரிந்து போயிற்று. புதிய அரண்மனையைக் கட்டும்படி உத்தரவிட்டவர் வாணி விலாஸ ராணி. அவர் கணவர்தான் அந்தச் சாமராஜேந்திர உடையார். 1894 டிசம்பரில் கல்கத்தாவுக்குப் போன இடத்தில் காலமாகிவிட்டார். ராணிக்கு வயது இருபத்தெட்டு. மூத்த மகனுக்குப் பத்து. 1895-லிருந்து 1902 வரை, மகனுக்கு வயது வருகிறவரைக்கும், ராஜ்யத்தை நடத்தியவர் அந்த அம்மாள்தான். சிவசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரில் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பத் தொடங்கிய 1902-ம் அவருடைய ஆட்சிக் காலம்தான். அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வின், நம் சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் பங்கெடுத்தவர். வேலை முடிந்தது 1912-ல்.

நாங்கள் கேட்டுவிட்டு நகர்ந்தோம். மாமி மட்டும் நகரவில்லை. "இருபத்தெட்டு வயசுன்னா சொன்னேள்?" என்று அந்த வழிகாட்டியை மறுபடி கேட்டார். "ஆமாம் அம்மா." "அந்தக் காலத்துல... ஊரையே ஆண்டிருக்காளே!" மாடிவீட்டு அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஏழு மணி வாக்கில் அரண்மனைக்கு விளக்குப் போடுகிறார்கள். முற்றத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் காத்திருந்தோம். நல்ல இருட்டு. சட்டென்று, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்புகள் ஒரே நேரத்தில்! ஆயிரக்கணக்கான ஜனங்களின் வாயிலிருந்து ஒரே குரலாக "ஆ!" என்று வந்தது. சித்தி போனை எடுத்தார், வைத்துவிட்டார். "நாளைக்குச் சொல்லிக்கறேன்" என்றார். மாடிவீட்டு அக்கா அழுதார். துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நாங்களும் தேற்றப் போகவில்லை. கிட்டே நின்றோம், அவ்வளவுதான்.

திங்கள்: நம்ம காவிரி

கடைசி நாள் ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றி வரும் தீவு. திப்பு சுல்தான் ஆண்டு, 1799-ல் போரில் உயிர்விட்ட இடம். எங்களுக்கு அதைவிட நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. இது ஆதிரங்கம். நடுவில் சிவசமுத்திரம் மத்தியரங்கம். எங்கள் ஊர் அந்த்யரங்கம். மூன்றும் காவிரித் தீவுகள், மூன்றிலும் பள்ளிகொண்ட ரங்கநாதர். அம்மா மண்டபத்துப் படியில் தினம் பார்க்கிற அதே தண்ணீர், இங்கே பாறைகளுக்கு நடுவே இளசாகத் துள்ளிக்கொண்டு ஓடுகிறது. "நம்ம ஊர் வரதுக்குள்ள எவ்வளவு அடக்கம் வந்துடறது பாரு இவளுக்கு" என்றார் மாமி. மூன்று நாளில் மாமி சொன்ன முதல் வேடிக்கை.

கோயில் வாசலில் மாமி மல்லிகை வாங்கினார். வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். மாடிவீட்டு அக்கா முன்னால் நின்று, ஒரு முழத்தைக் கிள்ளி, மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே நீட்டினார். "இந்தாடி" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. அக்கா இரண்டு கையாலும் வாங்கி, முகர்ந்து பார்த்து, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி ரயில் பெட்டி முழுக்க அந்த வாசனைதான்.

ஓரகத்திகள் சமாதானம் ஆனார்களா என்று கேட்பீர்கள். ஆகவில்லை. ஆனால் திரும்பும்போது, மூத்தவளுக்கு முட்டி வலி என்று இளையவள் தன் கீழ்ப் படுக்கையை விட்டுக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் படுத்தாள். பேசாமலேதான்!

நீங்கள் கிளம்புவதற்கு முன்

கூட்டமாகக் கிளம்பும் சகோதரிகளுக்கு, நாங்கள் கண்டறிந்த நாலு விஷயம்:

பாத்ரூம் கிடைக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் நீர்க்கடுப்பில் கொண்டுவிடும், தலைவலியும் சிடுசிடுப்பும் கூடவே வரும். இரண்டு மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்துவது என்று டிரைவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்போது யாரும் கூச்சப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை.

சாப்பாட்டு நேரத்தைத் தரிசனத்துக்காகவும் தள்ளாதீர்கள், புடவைக்காகவும் தள்ளாதீர்கள். சர்க்கரைக்காரர்கள் பையில் நாலைந்து ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ, கூடவே பிஸ்கட்டும் வைத்திருக்கட்டும். மாத்திரைகள் பெட்டியில் அல்ல, கைப்பையில். யாருக்கு என்ன மருந்து என்று கூட வருகிற இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஒரு நாளில் பாதியாவது பிரிந்து பிரிந்து போங்கள். சாயங்காலம் கூடும்போது பேச விஷயம் இருக்கும்.

முக்கியமானது கடைசி. கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு ஆசையை வாய்விட்டுச் சொல்லுங்கள். நிறைவேறாவிட்டாலும் பரவாயில்லை. சொன்ன ஆசை ஆறிவிடும். சொல்லாத ஆசைதான் மத்தியானம் இரண்டரை மணிக்குக் கோபமாக வெளியே வருகிறது.

ஊர் திரும்பிய மறுவாரம் கணக்கு ஒப்படைக்கக் கூடினோம். பாக்கி 640 ரூபாய். அபராதம் முப்பது ரூபாய், முழுக்கச் சித்தி கட்டியது. அடுத்து எந்த ஊர் என்று கேட்டேன். 'எதுவானாலும் சரி' என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஒரே மூச்சில் ஒன்பது ஊர்ப் பெயர் வந்தது. சண்டை அப்போதே ஆரம்பமாகிவிட்டது. நல்ல சகுனம் என்றுதான் நினைக்கிறேன்.